பங்காளி தோற்றால் போதும்

2014 ஜூலை 13. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம். ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதின. போட்டியை நடத்திய பிரேசில், அதற்கு ஐந்து நாள் முன்னால் அரையிறுதியில் இதே ஜெர்மனியிடம் 1–7 என்று தோற்றிருந்தது. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னால், உலகமே பார்த்துக்கொண்டிருக்க. இப்படி அவமானப்படுத்தியவனுக்கு ஒரு தேசம் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டிருந்தால்கூட யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரேசில்காரர்கள் ஜெர்மனிக்குக் கைதட்டினார்கள்.

முகத்தாட்சண்யத்துக்காகத் தட்டிய கையல்ல அது. பலர் ஜெர்மன் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெர்மனி அந்த ஆண்டு தன் மாற்றுச் சட்டையைக் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை போட்டு வடிவமைத்திருந்தது. ரியோவின் மிகப் பெரிய கிளப்பான ஃபிளமெங்கோவின் சட்டை அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். எனவே போட்டுக்கொள்வதில் பெரிய உறுத்தலும் இருந்திருக்காது. கூடுதல் நேரத்தில், 113-வது நிமிடத்தில், மரியோ கெட்ஸே பந்தை நெஞ்சில் வாங்கி இடது காலால் வலைக்குள் தள்ளினார். மைதானத்தில் மஞ்சள் சட்டைகள் இருந்த பகுதிகளெல்லாம் துள்ளிக் குதித்தன.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய சமூகவியல் எதுவும் வேண்டாம். நம்மூரில் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். வெளியூர்க்காரன் வந்து அடித்துவிட்டுப் போனால் அது விதி. பங்காளி நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் காறித் துப்பினால் அது ஏழு தலைமுறைக்கும் மறக்காது. மரக்கானாவில் மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியிருந்தால், அந்தப் படம் பிரேசிலின் ஒவ்வொரு டீக்கடையிலும் யாரும் மாட்டாமலேயே தொங்கியிருக்கும்.

அந்த ஒரு மாதமும் அர்ஜென்டின ரசிகர்கள் அடித்த கூத்தைத் தெரிந்துகொண்டால் பிரேசில்காரர்களின் வயிற்றெரிச்சல் இன்னும் நன்றாகப் புரியும். கார்களிலும் பஸ்களிலும் வேன்களிலும் எல்லை தாண்டிப் பல்லாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோரிடம் டிக்கெட் கிடையாது. ரியோவில் சம்பா ஊர்வலத்துக்கென்று கட்டிய அரங்கத்தையே அவர்கள் வண்டிகளை நிறுத்தித் தூங்குவதற்காகத் திறந்துவிட வேண்டியிருந்தது. கொபகபானா கடற்கரை முழுவதும் வெளிர்நீலக் கோடுகள். வாயைத் திறந்தால் ஒரே பாட்டு.

"பிரேசிலே, சொல், எப்படி இருக்கிறது?" என்று தொடங்கும் பாட்டு அது. உன் வீட்டிலேயே உன் அப்பன் வந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்பது கேள்வி. 1969-இல் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க இசைக்குழு பாடிய ஒரு பாட்டின் மெட்டு. அதை புவனஸ் அயர்ஸின் சான் லொரென்சோ கிளப் ரசிகர்கள் ஏற்கெனவே தங்கள் கேலரியில் பாடிப் பழக்கியிருந்தார்கள். (போப் பிரான்சிஸ் ஆதரித்த கிளப் அது. 2013-இல் அவர் பிரேசிலுக்குப் போனபோது, கடவுள்தான் ஏற்கெனவே பிரேசில்காரர் ஆயிற்றே, போப்பும் உங்களுக்கே வேண்டுமா என்று கிண்டலடித்தார். போப்புக்கே கைவராத கட்டுப்பாட்டை ரசிகனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.) மாரடோனா உங்களை ஏமாற்றிப் போனார், கனிஜியா ஊசி குத்தினார், இத்தாலியிலிருந்து இன்றுவரை அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்று பாட்டு தொடரும். பெலேவைவிட மாரடோனா பெரியவர் என்று முடியும்.

பாட்டு சொல்லும் இத்தாலி 1990 உலகக் கோப்பை. டூரினில் நாக்-அவுட் ஆட்டம். பிரேசில் ஆட்டம் முழுக்க முற்றுகையிட்டது, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தது. கணுக்கால் வீங்கி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்த மாரடோனா, முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாலு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு வலது காலால் ஒரு பந்தை நழுவவிட்டார். கனிஜியா கோல்கீப்பரைச் சுற்றிப் போய் அடித்தார். 1–0. பிரேசில் வீட்டுக்குப் போனது. அந்த ஆட்டத்தில் அர்ஜென்டினத் தரப்பு கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகு தனக்குத் தலை சுற்றியது என்று பிரேசில் தடுப்பாட்டக்காரர் பிராங்கோ பிற்பாடு சொன்னார். பல ஆண்டுகள் கழித்து மாரடோனாவே தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். கேட்ட பிரேசில்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

2014-இல் அந்தப் பாட்டைப் பாடியவர்களில் பாதிப் பேர் 1990-இல் பிறந்தேயிருக்க மாட்டார்கள். மெஸ்ஸிக்கே அப்போது வயது மூன்று. பிதுரார்ஜித சொத்தைப்போலப் பகையும் கைமாறி வந்திருக்கிறது. பிரேசில் தரப்பு சும்மா இருக்கவில்லை. பெலேவின் ஆயிரம் கோல்களைச் சொல்லி, மாரடோனாவின் கொக்கெய்ன் பழக்கத்தை இழுத்து, நாலு வரியில் பதில் பாட்டு கட்டினார்கள். கவித்துவம் என்று பார்த்தால் அர்ஜென்டினப் பாட்டுக்கு அது பக்கத்தில்கூட வராது. பிரேசில் பக்கம் நிற்கும் நானே ஒப்புக்கொள்கிறேன். உலகத்துக்கே சம்பாவும் போஸா நோவாவும் கொடுத்த நாடு, கேலரியில் மட்டும் தோற்றுப்போனது.

பெலோ ஒரிசோன்டியில் ஜூலை 8 அன்று நடந்த அந்த அரையிறுதியை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு ஆட்டம். 23, 24, 26, 29 என்று ஆறு நிமிடத்துக்குள் நாலு கோல். மறு ஒளிபரப்பைப் பார்க்கிறோமா, புதுக் கோலைப் பார்க்கிறோமா என்று குழம்பியவர்கள் உலகம் முழுக்க உண்டு. கோல் எண்ணிக்கையைவிட அந்த மைதானத்துக் கூட்டம் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. முதல் பாதியில் அழுதார்கள். பிறகு தங்கள் முன்கள ஆட்டக்காரர் ஃபிரெட்டைக் கண்டபடி திட்டினார்கள். இரண்டாம் பாதியில் ஜெர்மானியர்கள் பந்தைக் கைமாற்றிக்கொண்ட ஒவ்வொரு முறையும் "ஓலே" போட்டார்கள். ஷூர்லே ஏழாவது கோலை அடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ரசனையும் இருந்தது, சொந்த அணியின் மேல் காறித் துப்பலும் இருந்தது. ஜெர்மனியின் மேல் வெறுப்பு மட்டும் இல்லை. ஜெர்மனி அவர்களுக்கு அந்நியன். அந்நியனிடம் தோற்பதில் துக்கம் உண்டு, வன்மம் கிடையாது.

மறுநாள் சாவோ பாலோவில் நெதர்லாந்தைப் பெனால்டியில் வென்று அர்ஜென்டினா இறுதிக்குப் போனது. அதன் ரசிகர்கள் தங்கள் அணியைக் கொண்டாடியதைவிட அதிகமாக ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணிப் பாடினார்கள். காலிறுதியில் பிரேசிலின் நட்சத்திரம் நெய்மாரின் முதுகெலும்பு முறிந்திருந்தது. பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதுதான் நெய்மார் என்று ஆடினார்கள். அநாகரிகம்தான். பார்த்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது நினைத்தால், அந்தப் பிளாஸ்டிக் எலும்பை எந்தக் கடையில் வாங்கியிருப்பார்கள், என்ன சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடுகிறது.

மற்ற தேசப் பகைகளோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரமானது என்று தெரியும். 1986-இல் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு கோலும் அடித்தபோது, நாலு ஆண்டு முன்னால் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போரில் செத்த இளைஞர்கள் அர்ஜென்டினர்களின் மனதில் இருந்தார்கள். 1988 யூரோ அரையிறுதியில் ஜெர்மனியை ஹாம்பர்க்கில் வென்ற பிறகு, நெதர்லாந்தின் ரொனால்ட் கூமன் ஜெர்மன் வீரர் ஒருவரின் சட்டையால் பின்புறம் துடைப்பதுபோல் செய்து காட்டினார். அதற்குப் பின்னால் ஐந்து ஆண்டு நாஜி ஆக்கிரமிப்பின் நினைவு இருந்தது. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் அப்படி என்ன ரத்தம்? கடைசியாக இரண்டும் எதிரெதிராகப் போர்க்களத்தில் நின்றது 1850-களின் தொடக்கத்தில். அதற்கடுத்த பெரிய போரில், பராகுவேக்கு எதிராக, இரண்டும் ஒரே பக்கம். இருவரும் அணு ஆராய்ச்சியில் போட்டி போட்டுக்கொண்டு ஓடிய காலம் உண்டு. 1991-இல் அதையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். இவர்களின் அணு நிலையங்களை அவர்களும், அவர்களுடையதை இவர்களும் சோதனையிட ஒரு பொது அமைப்பையே ஏற்படுத்தி, ரியோவில் அலுவலகம் போட்டார்கள். யுரேனியக் கணக்கில் ஒருவரையொருவர் நம்புகிறவர்கள், பெலேயா மாரடோனாவா என்ற விஷயத்தில் ஒரு அங்குலம்கூட நம்பமாட்டார்கள்.

ஆகவே இந்தப் பகைக்குத் தேவையான காயங்கள் முழுவதையும் கால்பந்தே உற்பத்தி செய்துகொண்டது. 1946-இல் புவனஸ் அயர்ஸில் நடந்த தென் அமெரிக்கக் கோப்பை ஆட்டத்தில் அர்ஜென்டினத் தலைவர் சாலமோனின் கால் முறிந்தது. கைகலப்பு, கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, போலீஸ் தடி. அதன்பின் பத்து ஆண்டுகள் இரு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை.

அதைவிடப் பெரியது 1978. ராணுவ ஆட்சியின் கீழ் அர்ஜென்டினா நடத்திய உலகக் கோப்பை. இரண்டாம் சுற்றில் இரு அணிகளும் ஒரே பிரிவு. தங்களுக்குள் ஆடியது 0–0. கடைசி நாளில் பிரேசில் முதலில் ஆடி போலந்தை 3–1 என்று வென்றது. அர்ஜென்டினா பிறகு ஆடியது. இறுதிக்குப் போக எத்தனை கோல் வேண்டும் என்பது ஆட்டம் தொடங்கும்போதே அவர்களுக்குத் தெரியும்: பெருவை நாலு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். ஆறு கோல் அடித்தார்கள். பெருவின் கோல்கீப்பர் கிரோகா பிறந்த ஊர் அந்த ஆட்டம் நடந்த அதே ரொசாரியோ! திரைக்கதையில் இப்படி எழுதினால் தயாரிப்பாளர் நம்பமாட்டார். பேரம் நடந்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள், நிரூபணம் ஆகவில்லை. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத பிரேசில் மூன்றாமிடத்தோடு திரும்பியது. தார்மீக வெற்றி எங்களுக்கே என்றார் பயிற்சியாளர் கோட்டின்யோ. அடுத்த முறை பெரு ஆட்டத்தின் எல்லாக் கோல்களையும் ஒருமுறை பாருங்கள். முடிவு உங்களுடையது. என் முடிவு எனக்கு எப்போதோ தெரியும், அதில் பாரபட்சம் இருக்கிறது என்பதும் தெரியும்.

இரு நாட்டு ரசிகர்களும் தினசரி வாழ்க்கையில் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடை வந்தால் பிரேசிலின் தெற்குக் கடற்கரைகளில் ஸ்பானிய மொழிதான் ஒலிக்கும். அர்ஜென்டினாவின் கார்லோஸ் தெவெஸ் 2005-இல் சாவோ பாலோவின் கொரிந்தியன்ஸ் கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இன்றும் அங்கே அவருக்குச் செல்லப்பிள்ளை அந்தஸ்து. ஒரே ஆளை ஞாயிற்றுக்கிழமை தோளில் தூக்கிவிட்டு, தேசிய அணிச் சட்டையில் வரும்போது திட்டுவதில் யாருக்கும் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லைக்கோட்டருகே வசிப்பவர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்ற பிரேசில், அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையையே ராசியில்லாதது என்று கைவிட்டது. புதுச் சட்டைக்கு 1953-இல் ஒரு நாளிதழ் போட்டி வைத்தது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வென்றவர் அல்திர் ஷ்லீ என்ற 19 வயது இளைஞர். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் போட்டுக்கொண்டு திரியும் மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை அவர் வரைந்தது. உருகுவே எல்லையில் உள்ள ஜாகுவாராவ் என்ற ஊரில் பிறந்தவர். அவர் ஆதரித்த அணி எது என்று கேட்டால், உருகுவே. கடைசிவரை அதை மறைக்கவும் இல்லை. பிரேசில் தேசபக்தியின் சீருடையைத் தைத்துக் கொடுத்தவன் அடுத்த வீட்டு ரசிகன் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம்.

அந்தச் சட்டைக்குப் பிற்காலத்தில் வேறு சோதனை வந்தது. முன்னாள் அதிபர் பொல்சொனாரோவின் ஆதரவாளர்கள் தங்கள் ஊர்வலங்களுக்கெல்லாம் அதையே சீருடையாக்கிக்கொண்டதால், அவரைப் பிடிக்காத பலர் மஞ்சளைப் போடவே கூசினார்கள். 2021 கோப்பா அமெரிக்கா (தென் அமெரிக்கக் கோப்பை) இறுதியாட்டம் மரக்கானாவில் இந்த மனநிலையில்தான் நடந்தது. எதிரே மெஸ்ஸி. அதுவரை நாட்டுக்காக ஒரு பெரிய கோப்பையும் வெல்லாத மெஸ்ஸி. பாவம், அவருக்கு ஒன்று கிடைக்கட்டுமே என்று வெளிப்படையாகவே சொன்ன பிரேசில்காரர்கள் இருந்தார்கள். நெய்மாருக்குப் பொறுக்கவில்லை. சொந்த நாட்டுக்கு எதிராக நிற்கும் பிரேசில்காரர்களைச் சமூக ஊடகத்தில் சாடினார். தி மரியா ஒரு கோல் அடித்தார், அர்ஜென்டினா வென்றது, நெய்மார் மைதானத்தில் நின்று அழுதார். சற்று நேரம் கழித்து அதே நெய்மாரும் மெஸ்ஸியும் உடைமாற்றும் அறைக்கு வெளியே படிக்கட்டில் அருகருகே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த படம் வந்தது. ரசிகன் மட்டும்தான் கடைசிவரை விரதம் கலைக்காமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

எல்லாக் கேலியையும் நான் ரசிப்பதில்லை. கனிஜியாவைப் பாடலாம், ஏழு என்று எண்ணலாம், பிளாஸ்டிக் எலும்பைக்கூட ஒருவிதமாகச் சகித்துக்கொள்ளலாம். பிரேசில் ரசிகர்களைப் பார்த்துக் குரங்குச் சேட்டை காட்டுவது அந்தக் கணக்கில் சேராது. தென் அமெரிக்கக் கிளப் போட்டிகளில் இது ஓயாமல் நடக்கிறது. 2022-இல் சாவோ பாலோ மைதானத்திலேயே அப்படிச் செய்த அர்ஜென்டின ரசிகர் ஒருவர் கைதானார். பிரேசில் பக்கம் மதிப்பிழந்த பெசோ நோட்டுகளைக் கிழித்துக் காட்டும் பழக்கம் உண்டு. அடுத்தவன் வறுமையைக் கிழிப்பதும் அசிங்கம்தான், ஆனால் தோல் நிறத்தோடு அதைச் சமன் செய்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2024 கோப்பா வெற்றிக்குப் பிறகு அர்ஜென்டின வீரர் என்சோ ஃபெர்னாண்டஸ் பஸ்ஸிலிருந்து நேரலையில் காட்டிய பாட்டு, பிரெஞ்சு வீரர்களின் ஆப்பிரிக்கப் பூர்விகத்தை இழிவு செய்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். அணித்தலைவரான மெஸ்ஸியும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன அர்ஜென்டின விளையாட்டுத் துணைச் செயலர் ஹூலியோ கரோ வேலையை இழந்தார். பாடியவர் அணியில் நீடித்தார், கண்டித்தவர் வீட்டுக்குப் போனார். அது அரசு செய்த வேலை, கேலரியைக் குற்றம் சொல்ல முடியாது. 2023 நவம்பரில் மரக்கானா கேலரியில் அடிதடி மூண்டபோதும், அர்ஜென்டினர்களின் மண்டையில் இறங்கியது பெரும்பாலும் பிரேசில் போலீசின் தடிதான். கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் எம்பிக் குதித்துப் போலீஸ்காரர் கையிலிருந்து தடியைப் பிடுங்கப் பார்த்தார். ஆட்டம் அரை மணி நேரம் தாமதமானது.

இவ்வளவு பேசும் நான் பிரேசிலுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. 1994-இல் தூர்தர்ஷனில் ரொமாரியோவைப் பார்த்ததோடு சரி, அன்றிலிருந்து மஞ்சள். நமக்கு மேற்கே மலையைத் தாண்டினால் இந்த வியாதி முற்றிப்போய்க் கிடக்கிறது. 2022-இல் கோழிக்கோடு அருகே புள்ளாவூரில் ஆற்றுத் திட்டில் மெஸ்ஸிக்கு முப்பதடிக் கட்அவுட் வைத்தார்கள். நெய்மார் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா, நாற்பதடியில் ஒன்று. கட்அவுட் கலையில் நம்மை யாரும் நெருங்க முடியாது என்று இறுமாந்திருந்தேன், போயிற்று. வங்கதேசத்திலும் இதே பிரிவினைதான். அவர்களின் ஆர்ப்பாட்டம் அர்ஜென்டினா வரை எட்டி, 1978-இல் மூடிய டாக்கா தூதரகத்தை 2023-இல் மீண்டும் திறந்தார்கள்.

என் அலுவலகத்தில் மலப்புறத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அர்ஜென்டினா. 2022-இல் பிரேசில் காலிறுதியிலேயே குரோஷியாவிடம் வெளியேறிவிட்டது. அன்றிலிருந்து அவர் முகத்தில் ஓர் ஒளி. கத்தாரில் அவர்கள் ஆள் பாடிக்கொண்டிருந்த புதுப் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டினார். மாரடோனாவும் மெஸ்ஸியும் இழந்த இறுதியாட்டங்களும் வரும் அந்தப் பாட்டிலும், மரக்கானாவில் பிரேசிலை அப்பன் மறுபடி வென்றான் என்று ஓரிடம் இருக்கிறது. கத்தாரில் பிரேசிலோடு அவர்கள் ஆடவேயில்லை. உலகக் கோப்பையில் இரு அணிகளும் மோதி அதோடு 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் பிரேசில் இல்லாமல் ஒரு பாட்டு எழுத அவர்களால் முடியவில்லை. இறுதியாட்டத்தில் நான் பிரான்ஸ். பிரான்ஸோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1998 இறுதியில் பிரேசிலுக்கு மூன்று கோல் போட்டவர்களும் அவர்கள்தான். கடைசி நொடிகளில் கோலோ முவானி அடித்த பந்தை மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தபோது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

2025 மார்ச்சில் புவனஸ் அயர்ஸில் தகுதிச்சுற்று ஆட்டம். முந்தின நாள் பிரேசில் வீரர் ரஃபின்யா, களத்திலும் அடிப்போம், தேவைப்பட்டால் வெளியிலும் அடிப்போம் என்ற ரீதியில் ரொமாரியோவிடம் பேட்டி கொடுத்துவிட்டார். ஆட்டம் தொடங்கும் முன்பே, பொலிவியாவும் உருகுவேயும் சமன் செய்ததால் அர்ஜென்டினா அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. அவர்களுக்கு அந்த ஆட்டத்திலிருந்து எதுவும் தேவையில்லை. மெஸ்ஸியும் இல்லை. நாலு கோல் அடித்தார்கள். 4–1. நமக்கு விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி, குளித்துக் கிளம்பும் நேரத்துக்கு முடிந்தது. வழக்கமாகப் பத்தரைக்கு வரும் மலப்புறத்துக்காரர் அன்று எனக்கு முன்பே வந்து, இரண்டு காபி வாங்கி வைத்துக்கொண்டு, என் நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்.

"உட்காருங்கள் சார்," என்றார். "நிறையப் பேச வேண்டும்."